பாலிஷ் போடாத மஞ்சள்

அத்தியாயம் 9

நாற்பத்து மூன்றாவது வண்டியும் கையை விரித்துவிட்டது.

ஜுரெமா மண்டியிட்ட இடத்திலிருந்து எழுந்து முழங்கால் மணலைத் தட்டினாள். கையிலிருந்த ஃபைபர் சில்லை முறைத்தாள். மூன்று விரல் அகலம். ஒரு பக்கம் முள் முள்ளாகக் கண்ணாடி இழை, மறுபக்கம் வெளிறிய மஞ்சள். அவளுக்கு எதிரே, ஜெனிபாபு மணல்மேட்டின் அடியில் பயணிகளுக்காக வரிசை கட்டி நின்ற அறுபத்திரண்டு மணல்வண்டிகளும் மஞ்சள்தான். கூரை கிடையாது, கதவு கிடையாது, தடித்த சக்கரம், உடம்பு முழுக்க ஃபைபர். எல்லாம் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்பது ஓட்டுநர் சங்கத்தின் விதி. விதியைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து மாட்டியவர்கள் சூரியனுக்கு ஒரு நகல் அனுப்ப மறந்துவிட்டார்கள். அது ஒவ்வொரு வண்டியையும் தன் இஷ்டத்துக்கு வெளுத்து வைத்திருந்தது. மாம்பழ மஞ்சள், எலுமிச்சை மஞ்சள், காமாலை மஞ்சள்.

"நாப்பத்து நாலு ரெடி, டாக்டரம்மா," என்றான் பியூ.

ஜுரெமா எந்தக் காலத்திலும் டாக்டர் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்து வண்டிகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்து, பிறகு சொந்தமாகத் துப்பறியப் புறப்பட்டவள். ஆனால் இந்த ஊரில் கையில் பையும் வாயில் கேள்வியும் இருந்தால் யாரும் டாக்டர்தான். விஷயம் தெரிந்த பியூ அவளை எரிச்சலூட்டுவதற்கென்றே அப்படிக் கூப்பிடுவான். ஐம்பத்தொரு வயது. இருபது வருஷம் மணல்வண்டி ஓட்டியவன். முதுகெலும்பு ராஜினாமா செய்த பிறகு அவளிடம் உதவியாளனாகச் சேர்ந்தான்.

"மணி என்ன?"

"பத்தரை. தூக்கு மூணு மணிக்கு."

தூக்கு என்று அவன் சொன்னது சங்கத்தின் ஒழுங்குக் குழுக் கூட்டத்தை. பதினோரு நாள் முன்பு, பொழுது சாயும் நேரத்தில், ரெதிஞ்ஞா கடற்கரைச் சாலையில் சின்ன மீன் பொரித்து மரவள்ளி அடையில் சுருட்டி விற்கும் டோனா ஜந்திராவின் தள்ளுகடையை ஒரு மணல்வண்டி இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. அந்த அம்மாவுக்குக் கால் எலும்பு முறிந்தது. கிடைத்த ஒரே தடயம் இந்தச் சில்லு. இடது மட்கார்டின் விளிம்பு. மறுநாள் காலையில் லிண்டோமார் என்ற ஓட்டுநர் தன் வண்டியின் இடது மட்கார்டுக்குப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தார். வேறென்ன வேண்டும்? இன்று மூன்று மணிக்கு அவருடைய உரிம எண்ணைப் பிடுங்கப் போகிறார்கள். கரைக்கு மொத்தமே அறுபத்து மூன்று எண்கள்தான். போனால் போனதுதான். அப்பன் ஓட்டிய பதினேழாம் எண் லிண்டோமாரோடு முடிந்துவிடும். வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

நாற்பத்து நாலாவது வண்டிமேல் அதே லிண்டோமார் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். மட்கார்டில் ஒட்டுப் போட்ட இடம் அரை மைலுக்குத் தெரிந்தது.

"கலர் நீங்களே கலக்கினதா?" என்று கேட்டாள் ஜுரெமா.

"ஆமா டோனா ஜுரெமா."

"தெரியுது," என்றான் பியூ. "யாரோ ஆம்லெட் போட்டு ஒட்டின மாதிரி இருக்கு."

"மாமியார் வீட்டு கேட்டுல இடிச்சது பியூ அண்ணே. தப்பு செஞ்சவனா இருந்தா நான் இப்படியா ஒட்டுப் போடுவேன்?"

"மாமியார் சாட்சி சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லுவாங்க. எனக்கு எதிரா."

ஜுரெமா சில்லை லிண்டோமாரின் மட்கார்டில் ஒட்டுப் போடாத பழைய இடத்தில் வைத்துப் பார்த்தாள். ஒட்டவே இல்லை. மட்கார்டு மாம்பழம், சில்லு மோர். இன்று காலை சில்லை இரவல் வாங்கும்போதே இதை அவள் போலீஸ் அதிகாரியிடம் சொல்லியாகிவிட்டது. அவரும் குழுவில் ஒருவர். அவர் சிரித்தார். சாட்சியப் பொருளைத் தம் அறை ஜன்னலில், எல்லோரும் பார்க்கும்படி, பதினோரு நாள் வெயிலில் வைத்திருந்ததாகவும், அதனால்தான் வெளுத்திருக்கிறது என்றும் விளக்கினார். தடயத்தைக் கெடுத்ததைத் தடயவியல் போலச் சொல்ல அவரால்தான் முடியும்.

மீதிப் பதினெட்டு வண்டிகளும் முடிந்தன. நாலைந்து கிட்டத்தட்ட ஒத்துவந்தன. அவற்றில் ஒரு கீறல்கூட இல்லை. ஜுரெமாவுக்குச் சில்லைத் தூக்கிக் கடலில் எறியலாம் போல வந்தது.

"அறுபத்து மூணாவது ஒண்ணு இருக்கே," என்றான் பியூ.

"அதையுமா?"

"வந்தது வந்தாச்சு. சாமியையும் கும்பிட்டுட்டுப் போயிடலாம்."

சங்கக் கட்டடத்தின் முன்னால் தனிக் கொட்டகை. அதற்குள், சிவப்பு வடம் கட்டிய நாலு பித்தளைத் தூண்களுக்கு நடுவே, ஒன்றாம் எண் வண்டி. அதன் பக்கத்தில் கொமெண்டடோர் ஒலிந்தோ. சங்கத்தின் தலைவர். ஏதோ ஒரு வருஷம் மாகாணத்தில் பதக்கம் ஒன்று கொடுத்தார்கள். அன்றிலிருந்து பதக்கத்தின் பெயர் முதலிலும் அவர் பெயர் பின்னாலும் வர வேண்டும். வெறும் ஒலிந்தோ என்று கூப்பிட்டால் காது கேட்காது.

"என் வண்டியைச் சந்தேகப்படறீங்களா, டாக்டர்?"

"எல்லா வண்டியையும் பாக்கறோம், கொமெண்டடோர்."

"பாருங்க. கண்ணால மட்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நாலுல நான் ஓட்டி இந்த மணல்மேட்டைத் தாண்டின முதல் வண்டி. அன்னிக்கு இருந்த தோல் அப்படியே இருக்கு. அம்பது வருஷமா ஒரு பிரஷ் பட்டதில்ல, பாலிஷ் பட்டதில்ல. இது வண்டி இல்ல. வரலாறு."

வரலாறு சுண்ணாம்பு பூத்துப்போய் நின்றது. ஜுரெமா வடத்துக்கு மேலே எட்டிச் சில்லை நீட்டினாள். அச்சு அசல் அதே மோர் மஞ்சள். ஆனால் இடது மட்கார்டு முழுசாக இருந்தது. வெடிப்பு இல்லை, மேடு பள்ளம் இல்லை, நிறத்தில் ஓர் இழை பேதம் இல்லை. பியூ முனகிக்கொண்டே அடியில் தவழ்ந்து போய்விட்டு வந்தான்.

"அடிப்பக்கம் தார், டாக்டரம்மா. எல்லா வண்டிக்கும் பூசற மாதிரிதான். ஒண்ணும் தெரியல. சட்டை போச்சு."

"டோனா ஜந்திராவுக்கு நம்ம சங்கம் சார்பா பூங்கொத்து அனுப்பினேன்," என்றார் கொமெண்டடோர். "ரிப்பனோட."

காரில் ஏறியதும் ஜுரெமா ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டாள். "மூளை வேலை செய்யல பியூ. ஜந்திரா குடுத்த வாக்குமூலத்த மறுபடி படி."

பியூ நோட்டைப் பிரித்தான். "'வண்டி மெதுவா வந்துச்சு. நான் வலப்பக்கம் ஒதுங்கினேன், அதுவும் வலப்பக்கம் வந்துச்சு. இடப்பக்கம் ஒதுங்கினேன், அதுவும் வந்துச்சு. மாட்டு வண்டி வேகம்தான். ஓட்டினவன் முகம் விளக்கு வெளிச்சத்துல தெரியல.' போலீஸ் இத நம்பல. கீழ விழுந்ததுல தலையில அடின்னு எழுதிட்டாங்க. நானும் நம்பல. எங்க ஆளுங்க எவனும் அப்படி ஓட்ட மாட்டான். நாங்க இடிச்சா வேகமா இடிப்போம்."

"பெருமையா?"

"தொழில் சுத்தம்."

மிச்சமிருந்தது ஒரே ஒரு வழி. ஆற்றுக்கு அந்தப் பக்கம், இகப்போவில், காஜூ மேஸ்திரியின் பட்டறை. ஃபைபருக்குக் கலர் கலக்குவதில் கரையிலேயே அவருக்கு மேல் ஆள் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். முதலில் சொன்னவர் அவர்தான். பட்டறையில் டாக்டர்கள் போடும் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பார். கோட்டில் வெள்ளையைத் தவிர எல்லா நிறமும் இருக்கும்.

"யாருக்கு வேலை செஞ்சேன்னு மட்டும் கேக்காதீங்க," என்றார் அவர், இவர்கள் உட்காருவதற்கு முன்பே. "பாவ அறிக்கை கேட்ட பாதிரியார் வெளிய வந்து சொல்லுவாரா?"

"நாங்க இன்னும் ஒண்ணுமே கேக்கலியே மேஸ்திரி."

"கேப்பீங்க. மூஞ்சியிலயே எழுதியிருக்கு."

ஜுரெமா சில்லை எடுத்து டியூப் லைட்டுக்கு நேரே காட்டினாள். அவர் அருவருப்போடு அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனார். "டியூப் லைட்டுல எல்லா மஞ்சளும் அண்ணன் தம்பி. வெயில்ல வந்தாதான் பங்காளிச் சண்டை தெரியும்." சில்லை வெயிலில் திருப்பினார். கட்டை விரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்தார். விரலைக் காட்டினார். விரல் நுனியில் மஞ்சள் மாவு.

"இது எத்தன நாள் வெயில்ங்கறாங்க?"

"பதினோரு நாள். போலீஸ் அதிகாரி சொல்றாரு."

"அவரு மண்டைய ஜன்னல்ல வெச்சா பதினோரு நாள்ல வெளுக்கும். ஃபைபர் வெளுக்காது. இது எத்தனையோ வருஷத்துச் சுண்ணாம்பு." சொல்லிக்கொண்டே பக்கத்து டப்பாவிலிருந்து துணியில் காம்பவுண்டு என்ற பாலிஷ் பசையைத் தொட்டுச் சில்லின் பாதியில் பரபரவென்று தேய்த்தார்.

"ஐயோ! அது சாட்சியம்யா!"

"இப்பத்தான் சாட்சி பேசுது. பாருங்க."

சில்லின் ஒரு பாதி மோர். மறு பாதி, நாட்டுக்கோழி முட்டையின் கரு. ஜுரெமாவுக்கு அவரை அடிப்பதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

"இரும்பு பாடின்னா பெயின்ட் மேல அடிக்கறது. இதுல கலர் தோலோட பிறக்குது. அச்சுல மொதல்ல ஊத்தறதே கலர்தான். மேல சுண்ணாம்பு பூத்தாலும் உள்ள அப்படியே இருக்கும். தேய்ச்சா வந்துடும்."

"அதுக்குத்தானே நாங்க வாராவாரம் பாலிஷ் போடறோம்," என்றான் பியூ. "போட்டோவுல வண்டி மின்னலேன்னா பயணி அடுத்த வண்டிக்குப் போயிடுவான். பாலிஷே போடாதவன் எவன் இருக்..."

நிறுத்தினான். ஜுரெமாவைப் பார்த்தான். இருவரும் ஒரே சமயத்தில் சிவப்பு வடத்தை நினைத்தார்கள். உடனேயே ஜுரெமாவின் முகம் விழுந்தது.

"அதுல ஒட்டே இல்லியே. மேஸ்திரி, தெரியாத மாதிரி ஒட்டுப் போட முடியுமா?"

"நான் போட்டா ஆண்டவனே கண்ணாடி மாட்டிக்கிட்டுத் தேடணும்."

"எப்பவும் தெரியாதா? என்ன பண்ணினாலும்?"

மேஸ்திரியின் கழுத்து நிமிர்ந்தது. கலைஞனிடம் கேட்கக்கூடாத கேள்வி. "முறையா செஞ்சா தெரியாது. மொதல்ல பழைய தோலைப் பாலிஷ் போட்டு உண்மைக் கலரை வெளிய எடுக்கணும். அதுக்கு அப்புறம்தான் கலர் கலக்கணும். அதுதான் முதல் பாடம். சுண்ணாம்பைப் பாத்துக் கலக்கினா அந்தக் கலர் சுண்ணாம்புக்குத்தான் சொந்தம். ஆனா சில பெரிய மனுசங்க விடறாங்களா? தேய்க்காத, இருக்கறபடியே செய்யின்னு..."

சட்டென்று திரும்பிக்கொண்டார். பக்கத்திலிருந்த காலி டப்பாவைக் குச்சியால் கலக்க ஆரம்பித்தார்.

"அந்தப் பெரிய மனுசர் யாரு?"

"தொழில் ரகசியம்."

"சரி, இந்த காம்பவுண்டு டப்பா?"

"அது ரகசியம் இல்ல. எடுத்துட்டுப் போங்க."

பாலத்தில் லாரி ஒன்று பஞ்சராகி நின்றது. நாற்பது நிமிஷம். ஜுரெமா ஹாரனை அடித்து அடித்து, கடைசியில் ஹாரனும் தொண்டை கட்டி நின்றது. சங்கக் கட்டடத்துக்குள் அவள் ஓடி நுழைந்தபோது மணி மூன்று இருபத்தைந்து. குழுவின் மூவர் மேடையில். நடுவில் கொமெண்டடோர், மார்பில் பதக்கம். கீழே வரிசை வரிசையாக ஓட்டுநர்கள். முன்வரிசையில் லிண்டோமார், தொப்பியை இரண்டு கையாலும் பிழிந்துகொண்டு.

"...வருத்தத்தோடு," என்று கொமெண்டடோர் சொல்லிக்கொண்டிருந்தார். "ஆனா சங்கத்தின் மானம் பெருசு." அவர் முன்னால் தீர்மானம் ஏற்கெனவே அச்சாகிக் கிடந்தது. கையெழுத்துதான் பாக்கி.

"ஒரு நிமிஷம்! ஒன்றாம் எண் வண்டியைப் பாலிஷ் போட அனுமதி வேணும்."

கூட்டம் சிரித்தது. கொமெண்டடோர் சிரிக்கவில்லை. "வரலாற்றை யாரும் தேய்க்கறதில்ல, டாக்டர்."

"இடது மட்கார்டு மட்டும். ஒரு சாண்."

"ஒரு விரல்கூட முடியாது. உறுப்பினர் அல்லாதவங்க பேச விதியில இடமில்ல. உக்காருங்க."

போலீஸ் அதிகாரி தலையாட்டினார். கொமெண்டடோர் பேனாவின் மூடியைத் திருகினார். ஜுரெமா திரும்பி பியூவைத் தேடினாள். பியூவைக் காணோம். அவன் கையிலிருந்த காம்பவுண்டு டப்பாவையும் காணோம்.

வெளியிலிருந்து சரக் சரக்கென்று ஒரு சத்தம் வந்தது.

கூட்டம் மொத்தமும் வாசலுக்குப் பாய்ந்தது. சிவப்பு வடத்துக்குள்ளே, தார் படிந்த சட்டையோடு, பியூ ஒன்றாம் எண் வண்டியின் மட்கார்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வலது மட்கார்டை.

"யோவ்! இடது!" என்று கத்தினாள் ஜுரெமா.

"முன்னாடி நின்னு பாருங்க டாக்டரம்மா, இதுதான் இடது!"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் பியூ கையை எடுத்ததும் ஓட்டுநர்களிடமிருந்து ஒரு "அட!" எழுந்தது. சுண்ணாம்புக்குள்ளிருந்து மட்கார்டு முழுவதும் ஒரே சீராக முட்டைக்கரு மஞ்சள் பளபளத்தது. ஐம்பது வருஷமாகப் பார்த்த வண்டி இவ்வளவு அழகு என்று யாருக்கும் தெரியாது.

"போலீஸ்!" என்று அலறினார் கொமெண்டடோர். "இவன அரெஸ்ட் பண்ணுங்க!"

"ஒரு பக்கம் மட்டும் மின்னினா அசிங்கமா இருக்குமே," என்றார் பின்னாலிருந்து ஒருவர். "அந்தப் பக்கமும் போட்டுடு."

லிண்டோமார் வடத்தைத் தாண்டினார். பியூவின் கையிலிருந்து துணியை வாங்கினார். யாரும் தடுக்கவில்லை. இடது மட்கார்டில் துணியை வைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். முன்பக்கம் மஞ்சளானது. மேற்பக்கம் மஞ்சளானது. விளிம்பில் உள்ளங்கை அளவுக்கு ஓர் இடம் மட்டும் வழுக்கைத் தலை போல மோராகவே நின்றது. அழுத்தித் தேய்த்தார். பளபளப்பு வந்தது. நிறம் வரவில்லை.

"அது சுண்ணாம்பைப் பாத்துக் கலக்கின கலர்," என்றாள் ஜுரெமா. "சுண்ணாம்பு இருக்கற வரைக்கும் தெரியாது." சில்லை எடுத்து வைத்தாள். தேய்த்த பாதி மட்கார்டோடு கரைந்துபோனது. உடைந்த விளிம்பின் வளைவு வழுக்கையின் வளைவில் போய் உட்கார்ந்தது.

கொமெண்டடோர் கைக்குட்டையை எடுத்தார். ஆனால் அவர் சங்கத் தேர்தலில் ஒன்பது முறை ஜெயித்தவர். "சாவி ஆபீஸ் சுவத்துல தொங்குது. யார் வேணா எடுத்திருக்கலாம்."

"யார் வேணா," என்றார் போலீஸ் அதிகாரி. "ஏன், லிண்டோமாரே எடுத்திருக்கலாம்."

ஜுரெமாவுக்கு டப்பாவைக் கடிக்கலாம் போல இருந்தது. காலையிலிருந்து ஏறிய ஏணி, உச்சியில் வைத்து மறுபடி வழுக்கியது.

"எழுபத்து நாலுல மணல்மேட்டைத் தாண்டின கை," என்றார் ஒரு கிழ ஓட்டுநர் யோசனையாக. "அந்தக் கையத் தவிர வேற எவன் இந்த வண்டியத் தொட்டான்?"

அறுபத்திரண்டு தலைகளும் திரும்பின. கொமெண்டடோர் பின்வாங்கினார். பித்தளைத் தூண் ஒன்று சாய்ந்தது.

"நான் இல்ல! நானா இருக்க முடியவே முடியாது!"

"ஏன் முடியாது?"

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது!"

பயணிகளை ஏற்றும் ஒட்டகம் ஒன்று தூரத்தில் மென்றுகொண்டிருந்தது. அதைத் தவிர அந்தக் கரையில் எதுவும் அசையவில்லை.

"அப்ப ஆபீஸ்ல மாட்டியிருக்கற எழுபத்து நாலு போட்டோ?" என்றது ஒரு குரல். "ஸ்டியரிங் பிடிச்சுக்கிட்டு?"

"வண்டி நின்னுட்டு இருந்துச்சு," என்றார் கொமெண்டடோர் முணுமுணுப்பாக. "தாண்டினது இவனோட அப்பன்." லிண்டோமாரை அவர் பார்க்கவில்லை. "இப்பப் புரியுதா? ஓட்டவே தெரியாதவன் எப்படி இடிப்பான்?"

ஜுரெமா அன்று முதல்முறையாகச் சிரித்தாள். "பியூ, ஜந்திரா என்ன சொன்னாங்க?"

"மாட்டு வண்டி வேகம். வலப்பக்கம் போனா வலப்பக்கம், இடப்பக்கம் போனா இடப்பக்கம்." பியூ ஓட்டுநர்களைச் சுற்றிப் பார்த்தான். "நம்மள்ல எவனாவது அப்படி ஓட்டுவானா?"

"சீ!" என்றது கூட்டம், ஒரே குரலில்.

"பதினோரு நாளா ஓட்டத் தெரிஞ்ச ஆளையே தேடினோம்," என்றாள் ஜுரெமா. "ஓட்டத் தெரியாத ஒரே ஆள் இங்க நிக்கறாரு."

கொமெண்டடோர் மணலில் உட்கார்ந்தார். பதக்கம் தொப்பைமேல் சாய்ந்தது. "அம்பதாவது வருஷத்துக்கு டிவிக்காரங்க வர்றாங்க. நான் மணல்மேட்டைத் தாண்டறத படம் எடுக்கணுமாம். முடியாதுன்னு எப்படிச் சொல்றது? சாயங்காலம் சாயங்காலம் பழகினேன். ரெண்டாவது கியர் வரைக்கும் வந்துட்டேன்."

"அதான் வினை," என்றான் பியூ.

"நான் ஓடிப்போகல, டாக்டர். நிறுத்தத் தெரியல."

"பட்டி பாக்கக் குடுக்கத் தெரிஞ்சுது," என்றாள் ஜுரெமா. "பழி விழுந்தவனோட நம்பரப் பிடுங்கற கூட்டத்துக்குத் தலைமை தாங்கவும் தெரிஞ்சுது."

குழுவின் மூன்றாவது உறுப்பினர், அதுவரை வாயே திறக்காத ஒரு குமாஸ்தா, உள்ளே போய் அச்சான தீர்மானத்தை எடுத்து வந்து நாலாகக் கிழித்து லிண்டோமாரின் தொப்பிக்குள் போட்டார். பதினேழு பதினேழாகவே இருந்தது.

போலீஸ் அதிகாரி தொண்டையைச் செருமினார். ஆரம்பத்திலிருந்தே தமக்குச் சந்தேகம் இருந்ததாகக் கூறினார். வண்டி சாட்சியம், உடனே ஸ்டேஷனுக்கு வர வேண்டும், கொமெண்டடோரும்கூட. "யார் ஓட்டறது?" என்று கேட்டுவிட்டு, கேட்ட பிறகுதான் கேள்வியைப் புரிந்துகொண்டார்.

லிண்டோமார் ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். ஒன்றாம் எண் ஒரே இருமலில் உயிர் பிடித்தது. கொமெண்டடோரைப் பக்கத்து இருக்கையில் ஏற்றி, பிடித்துக்கொள்ளக் கம்பியைக் காட்டினார்கள்.

அந்தக் கரையில் எந்த ஓட்டுநரும் மணல்மேட்டில் ஏறுமுன் பயணியிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பயணி சொல்கிறபடி வண்டி செங்குத்தாகப் பாயும், அல்லது பதுவிசாக ஊரும். ஐம்பது வருஷத்தில் தலைவரிடம் அதை யாரும் கேட்டதில்லை.

"கொமெண்டடோர் ஐயா," என்றார் லிண்டோமார், மிகுந்த மரியாதையோடு. "திகிலோடவா, திகில் இல்லாமலா?"

அறுபத்தொரு ஓட்டுநர்களும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இல்லாம," என்றார் கொமெண்டடோர்.

லிண்டோமார் முதல் கியரைப் போட்டார். அதற்கு மேல் போகவே இல்லை. வரிசையாக நின்ற அத்தனை வண்டிகளுக்கும் முன்னால், ஒவ்வொருவரும் நிதானமாகப் பார்த்து முடிக்கும்படி, அந்த வண்டி ஊர்ந்து போனது.